டிஸ்க் இமேஜ் கோப்புகள்: எதில் என்ன இருக்கிறது, எதைக் கொண்டு திறப்பது?

அலமாரியில் கிடக்கும் சிடிகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற நினைப்பவர்கள், பழைய ஹார்டு டிஸ்க்கில் பின், என்ஆர்ஜி, எம்டிஎஃப் என்று முடியும் கோப்புகளைக் கண்டு விழிப்பவர்கள், பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றப் பார்ப்பவர்கள் என மூன்று தரப்பாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. திருட்டு கேம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு இங்கே பதில் இல்லை.

டிஸ்க் இமேஜும் ஜிப் கோப்பும் ஒன்றுதானே? 7-ஜிப் இரண்டையும் திறக்கிறதே?

திறக்கும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஜிப்புக்குள் கோப்புகள் மட்டும்தான் இருக்கும். இமேஜில் டிஸ்க்கின் செக்டர்கள் (டிஸ்க் தன் டேட்டாவைப் பிரித்து வைத்திருக்கும் சம அளவுத் துண்டுகள்) முதலிலிருந்து கடைசி வரை வரிசை மாறாமல் இருக்கும். கோப்புப் பட்டியல், டிஸ்க்கின் பெயர், பூட் ஆவதற்கான பகுதி எல்லாம் அதிலேயே அடக்கம். விண்டோஸ் இன்ஸ்டால் டிவிடியில் உள்ள கோப்புகளை மட்டும் ஒரு ஃபோல்டரில் காப்பி எடுத்து, அதை வேறொரு டிவிடியில் எழுதினால் பூட் ஆகாது. இமேஜாக எடுத்து எழுதினால் ஆகும்.

ஐஎஸ்ஓ மட்டும் எல்லா இடத்திலும் திறக்கிறது. மற்றவை ஏன் அடம்பிடிக்கின்றன?

ஐஎஸ்ஓ கோப்புக்கென்று சொந்தமாக ஒரு அமைப்பே கிடையாது, அதனால்தான். முன்னால் தலைப்புப் பகுதியும் இல்லை, பின்னால் குறிப்புப் பட்டியலும் இல்லை. டிஸ்க்கில் இருந்த டேட்டா அப்படியே கொட்டப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டத்துக்குத்தான், அதாவது கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் ஒழுங்குக்குத்தான், தரநிலை உண்டு. 1985-இல் பல நிறுவனங்கள் அமெரிக்காவின் டாஹோ ஏரிப் பக்கம் ஹை சியரா என்ற ஹோட்டலில் கூடிப் பேசி, 1986-இல் ஹை சியரா ஃபார்மட் என்று வெளியிட்டார்கள். அதையே கொஞ்சம் மாற்றி 1988-இல் ஐஎஸ்ஓ 9660 ஆக்கினார்கள். சிடியைப் படிக்கத் தெரிந்த எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் இது ஏற்கெனவே தெரியும். டிவிடி, ப்ளூ-ரே வகைகளில் உள்ளே இருப்பது பெரும்பாலும் யுடிஎஃப் என்ற வேறு ஃபைல் சிஸ்டம். கோப்பின் வாலில் ஐஎஸ்ஓ என்றே போட்டிருக்கும், அதுவும் தடையில்லாமல் திறக்கும்.

மற்ற ஃபார்மட்டுகள் பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் சிடி எழுதும் மென்பொருளோடு பிறந்தவை. அந்த மென்பொருள் வழக்கொழிந்ததும் கோப்பு அநாதையாகிவிட்டது.

700 எம்பி சிடியை பின் கோப்பாக எடுத்தால் 800 எம்பிக்கு மேல் வருகிறதே, எப்படி?

இந்தக் கேள்விக்கான பதில் பிடிபட்டால் கீழே உள்ளவற்றில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

சிடி முதலில் பாட்டுக்காக வந்தது. ஒரு நொடிக்கு 75 செக்டர், செக்டருக்கு 2,352 பைட். ஆடியோ சிடியில் அந்த 2,352-ம் இசைதான். டேட்டா சிடி வந்தபோது ஒரு சிக்கல். பாட்டில் ஒரு பைட் பிசகினால் காதுக்குத் தெரியாது, புரோகிராமில் ஒரு பைட் பிசகினால் ஓடாது. அதனால் ஒவ்வொரு செக்டரிலும் 2,048 பைட்டை மட்டும் டேட்டாவுக்கு விட்டு, மீதியைக் காவலுக்கு வைத்தார்கள். தொடக்கத்தில் செக்டர் தொடங்குவதைக் காட்ட 12 பைட், அந்த செக்டரின் முகவரிக்கு 4. டேட்டா முடிந்ததும் பிழையைக் கண்டுபிடிக்க 4, காலியாக 8, பிழையைத் திருத்த 276. கூட்டிப் பாருங்கள், 2,352 வரும்.

80 நிமிட சிடியில் 3,60,000 செக்டர். டேட்டாவை மட்டும் எடுத்தால் 73.7 கோடி பைட், அதாவது 703 எம்பி. இதுதான் ஐஎஸ்ஓ. காவல் பைட்டுகளையும் சேர்த்து முழு செக்டராக எடுத்தால் 84.7 கோடி பைட், 807 எம்பி. இதுதான் பின். கூடுதலாக வந்த நூறு எம்பியில் உங்கள் கோப்பு எதுவும் இல்லை.

இதுதவிர ஒவ்வொரு செக்டரோடும் 96 பைட் சப்சேனல் என்று ஒன்று ஓரமாக ஓடும். டிராக் எண், நேரம் போன்ற விவரங்கள் அதில் இருக்கும். சாதாரண பின் கோப்பில் அதுவும் இருக்காது.

பின் கூட ஒரு குட்டி க்யூ கோப்பு வருகிறது. அதை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். அது வெறும் டெக்ஸ்ட் கோப்பு, நோட்பேடில் திறக்கும். முதல் வரியில் பின் கோப்பின் பெயர். அடுத்த வரியில் டிராக் 01, மோட் 1 (மேலே சொன்ன டேட்டா செக்டர் வகை), ஒரு செக்டருக்கு 2,352 பைட் என்ற விவரம். அதற்கடுத்த வரியில் அந்த டிராக் தொடங்கும் இடம், நிமிடம், நொடி, ஃபிரேம் என்ற கணக்கில். ஃபிரேம் 00 முதல் 74 வரை மட்டுமே போகும், நொடிக்கு 75 செக்டர் என்பதால். கோல்டன்ஹாக் நிறுவனத்தின் சிடிஆர்வின் என்ற மென்பொருளோடு வந்த வழக்கம் இது. அந்த மென்பொருளை இன்று யாரும் சீந்துவதில்லை, க்யூ மட்டும் நிலைத்துவிட்டது.

மவுன்ட் செய்வது என்றால் இமேஜை ஒரு டிரைவ் போலத் திறப்பது. "க்யூவை மவுன்ட் செய்தால் கோப்பு இல்லை என்கிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான். பின் கோப்புக்கு யாரோ பெயர் மாற்றியிருப்பார்கள், க்யூவின் முதல் வரியில் பழைய பெயரே இருக்கும். நோட்பேடில் திறந்து பெயரைத் திருத்தினால் சரியாகிவிடும். ஒரே டேட்டா டிராக் உள்ள சிடி என்றால், தொலைந்த க்யூவை அந்த மூன்று வரிகளைக் கையால் எழுதியே மீட்டுவிடலாம். பத்துப் பன்னிரண்டு ஆடியோ டிராக் உள்ள கேம் சிடியில் அது நடக்காது. ஒவ்வொரு டிராக்கும் எங்கே தொடங்குகிறது என்பது க்யூவுக்கு மட்டுமே தெரியும்.

வாலை மாற்றி ஐஎஸ்ஓ என்று பெயர் வைத்தால் போதாதா?

சில நேரம் போதும், அதுதான் குழப்பமே. டிவிடியிலிருந்து எடுத்த எம்டிஎஃப் கோப்பில் செக்டருக்கு 2,048 பைட்தான் இருக்கும், பெயரை மாற்றினாலே திறக்கும். அதைப் பார்த்த ஒருவர் இணையத்தில் எழுதிவிட, சிடியிலிருந்து எடுத்த எம்டிஎஃப்பை வைத்திருப்பவரும் பெயரை மாற்றிவிட்டுத் திறக்கவில்லையே என்று தவிப்பார்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் கருவி) கோப்பைத் திறந்து பாருங்கள். ஐஎஸ்ஓ 9660 டிஸ்க்கில் 16-ஆவது செக்டரில், ஒரு பைட் தள்ளி, சி டி 0 0 1 என்ற ஐந்து எழுத்துகள் இருந்தே தீரும். செக்டரையும் பைட்டையும் பூஜ்ஜியத்திலிருந்து எண்ண வேண்டும். ஆக, அந்த எழுத்துகள் 32,769-ஆவது இடத்தில் இருந்தால் கோப்பு உண்மையான ஐஎஸ்ஓ, பெயரை மாற்றினால் போதும். 37,649-இல் இருந்தால் 2,352 பைட் முழு செக்டர், மோட் 1. 37,657-இல் இருந்தால் மோட் 2 என்ற இன்னொரு செக்டர் வகை. இந்த இரண்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும். லினக்ஸில் பிசங்க் என்ற சிறு நிரல் நொடியில் செய்துவிடும்.

ஹெக்ஸ் எடிட்டர் வேண்டாம் என்றால் கோப்பின் அளவைக் கால்குலேட்டரில் வகுத்துப் பாருங்கள். 2,048-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் அநேகமாக ஐஎஸ்ஓ. 2,352-ஆல் வகுபட்டால் முழு செக்டர். இரண்டாலும் வகுபடுவதும் உண்டு, 3,01,056-இன் மடங்காக அமைந்தால். அப்போது ஹெக்ஸ் எடிட்டரே கதி.

ஐஎம்ஜி என்றால்?

எதுவாகவும் இருக்கலாம். சரியாக 14,74,560 பைட் என்றால் 1.44 எம்பி ஃபிளாப்பி. பக்கத்திலேயே அதே பெயரில் சிசிடி, சப் என்று இரண்டு கோப்புகள் இருந்தால் குளோன்சிடி எடுத்த சிடி இமேஜ். சப் கோப்பில் இருப்பது மேலே சொன்ன சப்சேனல். ராஸ்பெர்ரி பை தளத்திலிருந்து இறக்கியது என்றால் மெமரி கார்டின் இமேஜ், சிடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என்ஆர்ஜி கோப்பு இருக்கிறது. நீரோ வாங்க வேண்டுமா?

வேண்டாம். நீரோ பர்னிங் ராம் என்ற சிடி எழுதும் மென்பொருளின் காலத்தில் நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் எடுத்த காப்பிகளில் இது ஏராளம். ஒரே டேட்டா டிராக் உள்ள என்ஆர்ஜியில் பெரும்பாலும் முதல் 3,07,200 பைட் வெற்றிடம். அதாவது 150 செக்டர், சிடியின் தொடக்கத்தில் வரும் இரண்டு நொடி இடைவெளி. அதற்குப் பிறகு வருவது சுத்தமான ஐஎஸ்ஓ. கோப்பின் கடைசியில் நீரோவின் சொந்தக் குறிப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். என்ஆர்ஜி2ஐஎஸ்ஓ என்ற நிரல் செய்வதெல்லாம் அந்த முன்பகுதியைத் தாண்டி மீதியைக் காப்பி எடுப்பதுதான்.

விண்டோஸில் என்ன மென்பொருள் போடுவது?

ஐஎஸ்ஓவுக்கு எதுவும் வேண்டாம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் டபுள் கிளிக் செய்தாலே புதிய டிரைவாகத் தெரியும். வேலை முடிந்ததும் அந்த டிரைவில் ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுங்கள். விண்டோஸ் 7 ஐஎஸ்ஓவை டிஸ்க்கில் எழுதும், மவுன்ட் செய்யாது.

டபுள் கிளிக் செய்தால் வின்ரார் திறக்கிறது என்றால் ஐஎஸ்ஓவை அது தன் பெயரில் எழுதிக்கொண்டுவிட்டது என்று பொருள். ரைட் கிளிக், ஓபன் வித், விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர். "கோப்பு என்டிஎஃப்எஸ் வால்யூமில் இருக்கிறதா, சுருக்கிய ஃபோல்டரில் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள்" என்ற பிழைச் செய்தி வந்தால், பல நேரம் ஐஎஸ்ஓ கெட்டுப்போயிருக்காது. டவுன்லோட் செய்த மென்பொருள் கோப்புக்கு ஸ்பார்ஸ் என்ற அடையாளம் வைத்திருக்கும், விண்டோஸ் அதை மவுன்ட் செய்யாது. வேறு ஃபோல்டருக்குக் காப்பி எடுத்து, அந்தக் காப்பியைத் திறந்து பாருங்கள்.

க்யூ, என்ஆர்ஜி, எம்டிஎஃப்போடு ஜோடியாக வரும் எம்டிஎஸ், சிசிடி வகைகளுக்கு நான் பரிந்துரைப்பது வின்சிடிஎமு. இலவசம், ஓப்பன் சோர்ஸ், விளம்பரத் தொல்லை இல்லை. டீமன் டூல்ஸும் இவற்றைத் திறக்கும், ஆனால் அதன் இலவசப் பதிப்பு காட்டும் கடைவிரிப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிடியைப் படித்து இமேஜ் எடுக்க இம்ஜ்பர்ன் இன்றும் நல்ல கருவி. கடைசிப் பதிப்பு 2.5.8, 2013-இல் வந்தது, அப்புறம் எதுவும் வரவில்லை. அதன் இன்ஸ்டாலரில் ஓப்பன்கேண்டி என்ற விளம்பரச் சரக்கைச் சேர்த்திருந்தார்கள். அது இல்லாத பிரதியைத் தேடி எடுங்கள்.

7-ஜிப் ஐஎஸ்ஓ, யுடிஎஃப், மேக்கின் டிஸ்க் இமேஜான டிஎம்ஜி எல்லாம் திறக்கும். 2,352 பைட் பின் கோப்பு அதற்கு ஆகாது.

லினக்ஸில்?

ஐஎஸ்ஓ என்றால் மவுன்ட் கட்டளையும் லூப் டிவைஸும் (கோப்பை டிஸ்க் போலக் காட்டும் வசதி) போதும். ஃபைல் மேனேஜரிலேயே ரைட் கிளிக்கில் வந்துவிடும். மற்றவற்றுக்கு சிடிஎமு இருக்கிறது, மேலே சொன்ன வின்சிடிஎமு வேறு, இது வேறு. உண்மையான சிடி டிரைவ் போலவே நடிக்கும், ஆடியோ டிராக்கையும் காட்டும். ஆனால் விஎச்பிஏ என்ற கர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையப் பகுதியோடு சேரும் துணை நிரல்) தேவை. கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் போட்ட மெஷினில் அந்த மாட்யூலுக்குக் கையொப்பமிட வேண்டியிருக்கும், பலர் அந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு கோப்பை எடுக்க வேண்டும் என்றால் பிசங்க், என்ஆர்ஜி2ஐஎஸ்ஓ போல ஐஎஸ்ஓவாக மாற்றித் தரும் நிரல்களே சுலபம்.

டிஎம்ஜியை விண்டோஸில் திறக்க முடியுமா? மேக்கில் ஐஎஸ்ஓ செய்ய முடியுமா?

உள்ளே இருக்கும் கோப்புகளை எடுக்க 7-ஜிப் போதும். 2022-இல் வந்த 22.00 பதிப்பு முதல் ஏபிஎஃப்எஸ் என்ற மேக் ஃபைல் சிஸ்டம் உள்ள டிஎம்ஜியையும் பிரிக்கிறது. உள்ளிருக்கும் மேக் புரோகிராம் விண்டோஸில் ஓடாது, அதையும் எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு.

மேக்கில் டிஸ்க் யூட்டிலிட்டி கொண்டு "டிவிடி/சிடி மாஸ்டர்" என்று சேமித்தால் சிடிஆர் என்ற வாலோடு ஒரு கோப்பு வரும். அதன் பெயரை ஐஎஸ்ஓ என்று மாற்றலாம். ஆனால் உள்ளே மேக்கின் எச்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இருந்தால், பெயர் என்னவாக இருந்தாலும் விண்டோஸ் அதைப் படிக்காது. இரண்டு பக்கமும் படிக்க வேண்டுமென்றால் எச்டிஐயூட்டில் கட்டளையின் மேக்ஹைப்ரிட் வசதியைப் பயன்படுத்துங்கள்.

டிஏஏ, யூஐஎஃப், ஐஎஸ்இசட்?

முறையே பவர்ஐஎஸ்ஓ, மேஜிக்ஐஎஸ்ஓ, அல்ட்ராஐஎஸ்ஓ ஆகியவற்றின் சொந்தச் சுருக்க ஃபார்மட்டுகள். கையில் இருந்தால் இன்றே ஐஎஸ்ஓவாக மாற்றி வையுங்கள், புதிதாக எதையும் இவற்றில் சேமிக்காதீர்கள்.

பாட்டு சிடியை ஐஎஸ்ஓவாக எடுத்தால் பிழை வருகிறது.

வரத்தான் செய்யும். ஆடியோ சிடியில் ஃபைல் சிஸ்டமே இல்லை, ஐஎஸ்ஓவில் போட அங்கே எதுவும் இல்லை. பின், க்யூவாக எடுங்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளைக் கொண்டு, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளாக எடுப்பது இன்னும் நல்லது.

கல்யாண விசிடியைக் காப்பி எடுக்கப் போனால் டாட் கோப்பில் நின்றுவிடுகிறது. சிடி போய்விட்டதா?

போயிருக்க வேண்டியதில்லை. 2000-களில் நம் பக்கத்துக் கல்யாண வீடியோக்கள் விசிடியில்தான், அதாவது வீடியோ சிடியில்தான் வந்தன. 1993-இல் வந்த அந்தத் தரநிலை இடத்தை மிச்சம் பிடிக்க ஒரு தந்திரம் செய்தது. வீடியோவில் ஒரு பைட் பிசகினாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது என்பதால், பிழை திருத்தும் பகுதியை எடுத்துவிட்டு செக்டருக்கு 2,324 பைட் வீடியோவை அடைத்தார்கள். செக்டருக்கு 2,048 பைட்தான் என்று நம்பிப் படிக்கும் எதுவும் அந்த இடத்தில் தடுக்கி விழும். லினக்ஸில் சாதாரணமாக மவுன்ட் செய்து காப்பி எடுத்தால் இன்புட், அவுட்புட் பிழை என்று நிற்பது இதனால்தான். ஐஎஸ்ஓவாக எடுத்தாலும் வீடியோ உருப்படியாக வராது.

விண்டோஸில் இம்ஜ்பர்ன் கொண்டு படித்தால் இது விசிடி என்று புரிந்துகொண்டு தானாகவே பின், க்யூவாக எடுக்கும். லினக்ஸில் விசிடிஇமேஜர் தொகுப்பில் உள்ள விசிடிஎக்ஸ்ரிப், டிஸ்க்கிலிருந்து எம்பெக் கோப்பை நேராகவே பிரித்துத் தரும். விண்டோஸில் எம்பெக்ஏவி ஃபோல்டரில் இருக்கும் டாட் கோப்பைக் காப்பி எடுத்தாலும் விஎல்சி பிளேயரில் ஓடும். படம் 352 × 288 புள்ளிகள்தான். இதைவிடத் தெளிவாக எந்த மென்பொருளாலும் வராது, "ஹெச்டி ஆக்கித் தருகிறோம்" என்ற விளம்பரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தமிழில் வைத்த கோப்புப் பெயர்கள் டிஸ்க்கில் எழுதியதும் பாதியில் அறுந்துவிடுகின்றன.

ஐஎஸ்ஓ 9660-இன் அடிப்படை வடிவத்தில் எட்டு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்து வாலும்தான், அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். மைக்ரோசாஃப்ட் மேலே சேர்த்த ஜோலியட் என்ற நீட்சிதான் யூனிகோடை அனுமதிக்கிறது. அதற்கு வரம்பு 64 எழுத்து. ஆனால் அது எண்ணுவது நாம் எண்ணுவது போலல்ல. "திருக்குறள்" நமக்கு ஆறெழுத்து. யூனிகோடில் இகரக் கொக்கி, உகரம், புள்ளி ஒவ்வொன்றும் தனி இடம் பிடிக்கும், ஆக 11. சுமார் 35 எழுத்திலேயே தமிழ்ப் பெயர் நிரம்பிவிடும். டிஸ்க் எழுதும் மென்பொருளில் யுடிஎஃப்பைத் தேர்ந்தெடுங்கள், பிரச்சினை தீரும்.

பழைய ஒரிஜினல் கேம் சிடியை இமேஜ் எடுத்தேன். "சரியான சிடியைப் போடவும்" என்கிறது.

சேஃப்டிஸ்க், செக்யூராம் போன்ற, காப்பி எடுப்பதைத் தடுக்கும் காப்புகள் டேட்டாவில் இல்லை, டிஸ்க்கின் இயற்பியல் அமைப்பிலும் வேண்டுமென்றே வைத்த கெட்ட செக்டர்களிலும் இருக்கின்றன. ஐஎஸ்ஓ அதைச் சுமக்காது. எம்டிஎஃப், எம்டிஎஸ் ஜோடியும் சிசிடியும் அந்தக் காலத்தில் செல்வாக்குப் பெற்றதே இதற்காகத்தான். இன்னொரு செய்தி: சேஃப்டிஸ்க்குக்குத் தேவையான டிரைவர் விண்டோஸ் 10-இல் கிடையாது, பழைய விண்டோஸ்களிலும் 2015 செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட் அதை முடக்கிவிட்டது. ஆக, இமேஜை விடுங்கள், ஒரிஜினல் சிடியைப் போட்டாலும் அந்த கேம் ஓடாது.

சிஎச்டி என்பது என்ன? எமுலேட்டர்காரர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

மேம் என்ற எமுலேட்டரின் (பழைய கேம் மெஷின்களைப் போல நடிக்கும் மென்பொருள்) குழுவினர் உருவாக்கியது. க்யூவையும் பின்களையும் ஒரே கோப்பாகச் சுருக்கும். டேட்டாவுக்கு ஒரு சுருக்க முறை, ஆடியோ டிராக்குக்கு ஃபிளாக் முறை. ஒரு பைட்கூட இழக்காமல் திரும்ப பின், க்யூவாகப் பிரிக்கலாம். சிஎச்டிமேன் என்ற நிரல் இரண்டு வேலையையும் செய்யும். டக்ஸ்டேஷன், பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர்கள் நேரடியாகப் படிக்கும். விண்டோஸ் இதை மவுன்ட் செய்யாது. கேமுக்கு சிஎச்டி, குடும்ப சிடிகளுக்கு சாதாரண பின், க்யூ என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

உபுண்டு ஐஎஸ்ஓவை பென்டிரைவில் அப்படியே எழுதினால் பூட் ஆகிறது. விண்டோஸ் ஐஎஸ்ஓ ஏன் ஆவதில்லை?

சிடியிலிருந்து பூட் ஆவதற்கு எல் டொரிட்டோ என்ற தரநிலை 1995-இல் வந்தது. அது சிடிக்கு மட்டும். பென்டிரைவை ஹார்டு டிஸ்க் போல எண்ணி மதர்போர்டு வேறு இடத்தில் தேடும். ஐஎஸ்ஓ 9660-இன் முதல் 16 செக்டர்களைத் தரநிலை காலியாக விட்டிருக்கிறது. லினக்ஸ்காரர்கள் அந்தக் காலி இடத்தில் ஹார்டு டிஸ்க்கில் இருப்பது போன்ற பார்ட்டிஷன் டேபிளை (டிஸ்க் பிரிவுகளின் பட்டியல்) எழுதி, ஒரே கோப்பை இரண்டு வழியிலும் பூட் ஆக வைத்துவிட்டார்கள். விண்டோஸ் ஐஎஸ்ஓவில் அந்த ஏற்பாடு இல்லை. போதாக்குறைக்கு அதன் இன்ஸ்டால் கோப்பு பல நேரம் 4 ஜிபியைத் தாண்டும், பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் எஃப்ஏடி32 ஃபைல் சிஸ்டத்தில் அடங்காது. ரூஃபஸ் என்ற மென்பொருள் இதையெல்லாம் கவனித்துக்கொள்ளும். அடிக்கடி பல ஓஎஸ் போடுபவர் என்றால் வென்டாய் என்ற கருவியை ஏற்றிக்கொள்ளுங்கள், அப்புறம் ஐஎஸ்ஓக்களை பென்டிரைவில் காப்பி எடுத்துப் போட்டாலே போதும்.

மெயிலில் "இன்வாய்ஸ்" என்று ஒரு ஐஎஸ்ஓ வந்திருக்கிறது. திறக்கலாமா?

கூடாது. எந்த நிறுவனமும் இன்வாய்ஸை டிஸ்க் இமேஜாக அனுப்பாது. இணையத்திலிருந்து வந்த கோப்புக்கு விண்டோஸ் ஓர் எச்சரிக்கை அடையாளம் வைக்கும். ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் கோப்புகளுக்கு அந்த அடையாளம் போய்ச் சேராமல் இருந்தது. 2022-இல் ஆஃபீஸ் மேக்ரோக்களை (ஆவணத்துக்குள் ஓடும் சிறு நிரல்கள்) மைக்ரோசாஃப்ட் தடுக்கத் தொடங்கியதும் வைரஸ்காரர்கள் கூட்டமாக இந்த ஓட்டைக்கு வந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் அப்டேட்டில்தான் அது அடைக்கப்பட்டது. அப்டேட்டே போடாத ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இன்னும் திறந்தே கிடக்கும்.

கீறல் விழுந்த டேட்டா சிடியில் 90 சதவீதத்தில் நின்றுவிடுகிறது.

திரும்பத் திரும்பக் காப்பி கொடுத்து டிரைவைப் படுத்தாதீர்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி, படிக்க முடிந்த செக்டர்களை முதலில் அள்ளிவிட்டு, முடியாதவற்றை ஒரு மேப் கோப்பில் குறித்து வைத்துக் கடைசியில் முயலும். செக்டர் அளவை 2,048 என்று கொடுங்கள். இதில் அருமையான விஷயம், அதே மேப் கோப்போடு சிடியை வேறொரு டிரைவில் போட்டுத் தொடரலாம். ஒரு டிரைவுக்குத் தெரியாத செக்டர் இன்னொரு டிரைவுக்குத் தெரியும், விட்டுப்போன இடங்களை மட்டும் அது நிரப்பும். நண்பர்களிடம் பழைய டெஸ்க்டாப் இருந்தால் கேட்டு வாங்குங்கள். பழைய டிரைவ்கள் சில சிடிகளைப் புதியவற்றைவிட நன்றாகப் படிக்கின்றன. விசிடிக்கும் பாட்டு சிடிக்கும் இந்த முறை உதவாது, காரணம் மேலே சொன்னதுதான்.

டவுன்லோட் செய்த ஐஎஸ்ஓ முழுதாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தளத்தில் எஸ்எச்ஏ-256 என்று, கோப்பின் எல்லா பைட்டுகளையும் வைத்துக் கணக்கிட்ட நீளமான ஒரு எண் கொடுத்திருப்பார்கள். 7-ஜிப் இருந்தால் கோப்பில் ரைட் கிளிக், சிஆர்சி எஸ்எச்ஏ மெனு, எஸ்எச்ஏ-256. விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் கட்டளையும் உண்டு, லினக்ஸில் எஸ்எச்ஏ256சம். முழு எண்ணும் ஒத்துப்போக வேண்டும், முதல் நான்கு எழுத்தைப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி இறக்குங்கள். அடுத்த முறையும் வேறு எண் வந்து, அது முதல் முறை வந்ததோடும் பொருந்தவில்லை என்றால், சந்தேகம் தளத்தின் மேல் வேண்டாம். உங்கள் ராமையும் ஹார்டு டிஸ்க்கையும் சோதித்துப் பாருங்கள்.